சூரியனுக்கு ஏழு, கடிகாரத்துக்கு எட்டு: சிங்கப்பூர் நேரத்தைப் புரிந்துகொள்வோம்

என் அக்கா மகள் லண்டன் நிறுவனம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். இணையவழி நேர்காணல். "திங்கட்கிழமை காலை 9 மணி, லண்டன் நேரம்" என்று மின்னஞ்சல் வந்தது. லண்டனைவிட நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம் என்பது வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். ஒன்பதோடு எட்டைக் கூட்டினோம். மாலை 5 மணி. நாலே முக்காலுக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு மடிக்கணினி முன் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்காக அங்கே காத்திருந்தவர்கள் அதற்குள் எழுந்து போயிருந்தார்கள். அது மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கு மறுநாள். முந்தின நாள் அதிகாலையில் லண்டன் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள். எட்டு மணி நேர வித்தியாசம் ஏழாகிவிட்டது எங்களுக்குத் தெரியவில்லை.

அவள் கூட்டலில் பிழை இல்லை. எட்டு என்பது மாறாத எண் என்று நாங்கள் நம்பியதுதான் பிழை. அன்றிலிருந்து, நேரத்தைப் பற்றி நாம் பேசிக்கொள்வதைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டு வருகிறேன். "லண்டன்ல மணிய மாத்துனா பகல் நீளுமாம்", "ஹாங்காங் பங்குச்சந்தைக்காகத்தான் நம்ம மணிய மாத்துனாங்க", "ஊர்ப் பஞ்சாங்கத்துல இருக்குற நேரத்தோட ரெண்டரை கூட்டிக்கணும்". காப்பிக்கடையிலும் கோயிலிலும் கேட்ட பேச்சுகள் இவை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைச் சுற்றிக் குழப்பமும் இருக்கிறது. அடியிலிருந்து தொடங்கினால் எல்லாம் தெளிவாகிவிடும்.

தேர் வரும் நேரம்

ஊரில் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். தேர் நான்கு வீதியும் சுற்றி வரும். உங்கள் வாசலுக்கு வரும்போது நீங்கள் தேங்காய் உடைப்பீர்கள். பத்து வீடு தள்ளி இருப்பவர் இன்னும் கற்பூரத்தோடு காத்திருப்பார். தேர் ஒன்றுதான்; அது வரும் பொழுது வாசலுக்கு வாசல் வேறு.

சூரியனும் அப்படித்தான். உண்மையில் சுற்றுவது பூமி. ஆனால் நம் கண்ணுக்குச் சூரியன்தான் கிழக்கிலிருந்து மேற்காக ஒவ்வோர் ஊராகக் கடந்து போகிறது. ஓர் ஊரின் வானத்தில் அது மிக உயரமாக நிற்கும் பொழுதுதான் அந்த ஊரின் உச்சிப்பொழுது. கிழக்கே இருக்கும் ஊருக்கு அது முதலில் வரும், மேற்கே இருக்கும் ஊருக்குப் பிறகு வரும்.

எவ்வளவு பிறகு என்பது எளிய வகுத்தல். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஓர் ஊர் கிழக்கு மேற்காக எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பாகையில் சொல்லும் அளவைத் தீர்க்கரேகை என்கிறோம். லண்டனில் உள்ள கிரீன்விச் அதன் பூஜ்ஜியம். சிங்கப்பூர் அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 104 பாகையில் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் சுமார் 6 மணி 55 நிமிடம். சூரியனை மட்டும் கேட்டால் சிங்கப்பூர் கிரீன்விச்சுக்கு அவ்வளவுதான் முன்னால்; ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கையில் இருக்கும் கடிகாரமோ எட்டு என்கிறது. இதை நீங்களே வாசலில் இறங்கிப் பார்க்கலாம். மார்ச் 23ஆம் தேதியை ஒட்டிச் சூரியன் சிங்கப்பூரின் உச்சந்தலைக்கு நேரே வரும். வெயில் அடிக்கும் நாளாக இருந்தால் அன்று பகல் 12 மணிக்கு புளோக்கின் கீழே விளக்குக்கம்பம் ஒன்றின் அருகே போய் நில்லுங்கள். நிழல் இன்னும் மேற்கே சாய்ந்திருக்கும். மணி ஒன்றைத் தாண்டி ஒரு பத்து நிமிடம் ஆகும்போதுதான் அது கம்பத்தின் அடியில் ஒடுங்கும். பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கான நேரம் பன்னிரண்டில் தொடங்காமல் ஒரு மணியை ஒட்டித் தொடங்குவதும் இதனால்தான். அந்தத் தொழுகை சூரியன் உச்சியிலிருந்து சாய்வதைக் கணக்கில் எடுக்கிறது, கடிகார முள்ளை அல்ல.

இதுவரை பார்த்தது: சூரியன் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி உச்சிப்பொழுதைத் தருகிறது. 15 பாகைக்கு ஒரு மணி நேரம். சிங்கப்பூரின் சூரியன் ஏழு மணிக் கணக்கில் இருக்கிறது, கடிகாரம் எட்டு மணிக் கணக்கில் இருக்கிறது.

வீதிக்கு ஒரே மணி

ஒரு காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்தே மணி வைத்துக்கொண்டது. மாட்டுவண்டிக்கு அது போதும். ரயில் வந்தபோது கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் மணி சில நிமிடம் வேறுபட்டால் கால அட்டவணையை எப்படி எழுதுவது? இந்தியாவில் ரயில்கள் சென்னை நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடின. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்த நேரம் அது. பிறகு 1906 ஜனவரி 1 முதல் 5 மணி 30 நிமிடம் என்ற இந்திய நேரம் வந்தது.

தேரோட்ட உவமையில் சொன்னால், வாசலுக்கு வாசல் நேரம் குறிப்பதை விட்டுவிட்டு, "கீழவீதி முழுவதற்கும் ஆறு மணி" என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்வது போல. இப்படி ஒரே கடிகாரத்தை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்ட நிலப்பரப்புக்குப் பெயர்தான் நேர மண்டலம். எல்லா மண்டலங்களையும் ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டும். 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச் கோட்டைப் பூஜ்ஜியமாக ஏற்றது. இன்று அணுக்கடிகாரங்களை வைத்துக் காக்கப்படும் அந்தப் பொது நேரத்தை யூடிசி என்கிறார்கள். சிங்கப்பூர் யூடிசி கூட்டல் 8. இந்தியாவும் இலங்கையும் கூட்டல் 5.30.

மண்டலத்தின் எல்லையை வரைவது சூரியன் இல்லை, அரசாங்கம். இதற்குப் பாத்தாமைவிட நல்ல சான்று நமக்குத் தேவையில்லை. ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையில் காலை 9 மணிக்குப் படகேறி முக்கால் மணி நேரம் போனால், இறங்கும்போது அங்கே மணி 8.45. தீவு நமக்குத் தெற்கே கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகையில் கிடக்கிறது. சூரியன் இரண்டு கரைக்கும் ஏறக்குறைய ஒரே கணத்தில்தான் உச்சிக்கு வருகிறது. இந்தோனேசியாவின் மேற்குப் பகுதி கூட்டல் 7 என்று முடிவெடுத்தது, நாம் கூட்டல் 8 என்று முடிவெடுத்தோம். அவ்வளவே. திரும்பி வரும் படகை ஒரு மணி நேர வித்தியாசத்தில் தவறவிட்டவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

நகர்ந்துகொண்டே வந்த சிங்கப்பூர்க் கடிகாரம்

இந்தக் கதையை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சிங்கப்பூரில் கடிகாரத்தை மாற்றும் வழக்கமே இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். ஆண்டுதோறும் மாற்றும் வழக்கம்தான் இல்லை.

தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் சொந்தச் சூரியனையே பின்பற்றியது. ஃபோர்ட் கேனிங் குன்றின் மேல் ஒரு கம்பம். அதில் ஒரு பெரிய பந்து. பகல் ஒரு மணிக்கு அது சரேலென்று கீழே விழும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரங்களைச் சரி செய்துகொள்ளும். அந்த நேரப்பந்தின் மாதிரி ஒன்றை இன்றும் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் பார்க்கலாம்.

1905 ஜூன் 1 முதல், கணக்குக்கு வசதியாக, கிரீன்விச்சுக்குச் சரியாக ஏழு மணி நேரம் முன்னால் என்று வைத்தார்கள். சூரியனிலிருந்து ஐந்து நிமிட விலகல்தான். சிங்கப்பூருக்கு இயல்பான மண்டலம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

1933 ஜனவரி 1இல் இருபது நிமிடம் முன்னால் தள்ளினார்கள். அதைப் பகலொளி சேமிப்பு என்றே அழைத்தார்கள். வேலை முடிந்து வருபவர்களுக்கு மாலையில் இருட்டுவதற்குள் விளையாடவும் உலாவவும் இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்பது நோக்கம். கோடைக்கு மட்டும் என்றில்லாமல் ஆண்டு முழுவதும் அது நீடித்தது. 1941 செப்டம்பர் 1இல் இன்னும் பத்து நிமிடம். ஆக ஏழரை மணி நேரம்.

அடுத்த மாற்றம் போரோடு வந்தது. 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. மறுநாளிலிருந்து சிங்கப்பூர் தோக்கியோ நேரத்துக்கு மாறியது. ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் முன்னால். கடிகாரம் ஏழரை காட்டும்போதும் தெருவில் இருட்டு. சூரியன் உதிக்க எட்டு மணி ஆனது. 1945 செப்டம்பரில் ஜப்பானியர் போன பிறகுதான் கடிகாரம் பழையபடி ஏழரை மணிக் கணக்குக்குத் திரும்பியது.

கடைசி மாற்றம் 1981 டிசம்பர் 31 இரவு. மணி 11.30 ஆனதும் கடிகாரத்தை நேரே 12க்குத் தள்ளினார்கள். 1982ஆம் ஆண்டு அரை மணி நேரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. தொடக்கம் மலேசியாவிடமிருந்து வந்தது. தீபகற்ப மலேசியா ஏழரையிலும் சாபா, சரவாக் எட்டிலும் இருந்தன. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று மலேசியா எட்டைத் தேர்ந்தது. அன்றாடம் பாலம் கடந்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் போய்வரும் மக்கள் இருக்கையில், ஜோகூரில் ஒரு மணி, உட்லண்ட்ஸில் ஒரு மணி என்று வைத்திருக்க முடியாது. சிங்கப்பூரும் உடன் மாறியது. ஹாங்காங்கோடு நேரம் ஒன்றானதில் வணிகத்துக்கு வசதிதான். ஆனால் கடிகாரத்தை முதலில் அசைத்தது அது அல்ல.

இப்போது நாம் வைத்திருப்பது 120 பாகைக் கோட்டின் நேரம். அந்தக் கோடு சீனாவின் ஹாங்சோ நகரை ஒட்டி ஓடுகிறது. அங்கே உள்ள சூரியனுக்கு நம் கடிகாரம் சரியாக இருக்கும். நமக்கோ காலை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்துக்காக புளோக்கின் கீழே நிற்கும் பிள்ளைகளின் முகம் தெரு விளக்கில்தான் தெரிகிறது. அதற்கு ஈடாக மாலை ஏழு மணிக்கும் விளையாட்டுத் திடலில் வெளிச்சம் இருக்கிறது. 1933இல் இருபது நிமிடமாகக் கேட்டது இப்போது ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, நிரந்தரமாகக் கிடைத்திருக்கிறது.

சுருக்கமாக: ஏழு, ஏழு இருபது, ஏழரை, போரில் ஒன்பது, மறுபடி ஏழரை, 1982 முதல் எட்டு. சூரியன் ஒருநாளும் மாறவில்லை.

லண்டன் ஏன் ஆண்டுக்கு இருமுறை மாற்றுகிறது?

பூமி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக, கோடையில் பகல் நீள்கிறது, குளிரில் குறுகுகிறது. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 1.3 பாகை தள்ளி இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. லண்டனில் ஜூனில் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குக் கீழே.

கடிகாரத்தைத் தொடாமல் விட்டால் லண்டனில் ஜூன் மாதம் விடியற்காலை மூன்றே முக்காலுக்குச் சூரியன் உதித்துவிடும். ஊர் தூங்கும்போது மூன்று நான்கு மணி நேர வெளிச்சம் யாருக்கும் பயன்படாமல் போகும். அதில் ஒரு மணி நேரத்தை மாலைக்கு நகர்த்துவதுதான் பகலொளி சேமிப்பு நேரம். பகல் ஒரு நொடிகூட நீளாது. போர்வை அதேதான், கால் பக்கம் இருந்ததைத் தலை பக்கம் இழுத்துக்கொள்வது போல. 1916இல், முதல் உலகப்போரின் நடுவே, எரிபொருளை மிச்சப்படுத்த ஜெர்மனி இதை நாடு முழுவதும் கொண்டுவந்தது. சில வாரங்களில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது.

நமக்கு இது ஏன் இல்லை என்பது இப்போது விளங்கும். கோடையில் நீளும் பகல் இருந்தால்தானே எடுத்து நகர்த்த? ஆனால் நம் கடிகாரம் அசையாமல் இருந்தாலும் எதிர்ப்பக்கம் அசைவதால் வித்தியாசம் மாறும். லண்டன் மார்ச் கடைசி ஞாயிற்றில் முன்னே போய் அக்டோபர் கடைசி ஞாயிற்றில் திரும்பும்; அந்த இடைவெளியில் நமக்கு ஏழு மணி நேரம், மற்ற மாதங்களில் எட்டு. நியூயார்க் மார்ச் இரண்டாம் ஞாயிற்றிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி நேரம் பின்னால், மற்றபடி 13. ஆஸ்திரேலியாவுக்குக் கோடை நம் ஆண்டு இறுதியில் வருவதால் அங்கே கணக்கு தலைகீழ். மெல்பர்னும் சிட்னியும் அக்டோபர் முதல் ஞாயிற்றிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் இரண்டு. பிரிஸ்பனோ ஆண்டு முழுவதும் இரண்டுதான், குவீன்ஸ்லாந்து கடிகாரத்தை மாற்றுவதில்லை. பெர்த் எப்போதும் நம் நேரமே.

அக்கா மகளுக்கு நடந்தது உங்கள் வீட்டில் நடக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. கைப்பேசி நாட்காட்டியில் சந்திப்பைக் குறிக்கும்போது "கூட்டல் 8", "கழித்தல் 5" என்று எண்ணைக் கொடுக்காதீர்கள். நேர மண்டலப் பட்டியலில் நகரத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். எண்ணுக்கு விதி தெரியாது. "லண்டன்" என்ற பெயருக்குள் எந்த ஞாயிறு எவ்வளவு நகர வேண்டும் என்ற விதி முழுவதும் சேமிக்கப்பட்டிருக்கிறது. குறித்த தேதிக்கு ஏற்ப அதுவே கணக்கிடும். அவளுக்கு வேறொரு நாள் கொடுத்தார்கள். இந்த முறை லண்டன் என்று போட்டாள். மாலை 4 மணி என்று கைப்பேசியே சொன்னது.

சென்னைக்கும் நமக்கும் இடையே இரண்டரை

சென்னையிலிருந்து இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் காலை 5.30 அளவில் இங்கே வந்து இறங்கும். ஆறரை மணி நேரமா பறந்தது? நான்குதான். பயணச்சீட்டில் கிளம்பும் நேரம் அந்த ஊர் மணி, இறங்கும் நேரம் இந்த ஊர் மணி. திரும்பிப் போகும்போது ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டது போலத் தோன்றுவதும் அதனால்தான்.

இந்த இரண்டரை மணி நேரத்தை உடைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்தமான கணக்கு. சென்னை ஏறத்தாழ 80.3 பாகை, நாம் 103.8 பாகை. இடைவெளிக்குச் சூரியன் கேட்கும் நேரம் சுமார் 94 நிமிடம். மிச்சம் 56 நிமிடம் முழுக்க முழுக்க மனிதர் முடிவு. அது மேலே சொன்ன சிங்கப்பூர்க் கதையிலிருந்து வந்தது.

பஞ்சாங்கக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. பஞ்சாங்கத்தில் இருவகை நேரம் இருக்கிறது. திதி முதல் வகை. சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகிப்போனால் ஒரு திதி. அது வானத்தில் நடப்பது, உலகம் முழுவதற்கும் ஒரே கணம். அதற்கு இரண்டரை மணி நேரம் கூட்டுவது சரி. ராகுகாலம் இரண்டாம் வகை. அந்தந்த ஊரின் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்து எடுப்பது. ஆறு மணி உதயத்துக்குத் திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 வரை. இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டி உதிப்பதால் அது 8.30 முதல் 10 வரை. தமிழ்நாட்டு நாட்காட்டியில் உள்ளபடியே 7.30 என்று வைத்தாலும் தவறு. இரண்டரையைக் கூட்டி 10 மணி என்று வைத்தாலும் தவறு.

விரத நாள் ஊரில் ஒன்றாகவும் இங்கே ஒன்றாகவும் வருவதற்கும் இதுவே காரணம். ஏகாதசி இந்திய நேரம் அதிகாலை 5 மணிக்குத் தொடங்குகிறது என்று வையுங்கள். சென்னையில் இன்னும் சூரியன் உதிக்கவில்லை. உதிக்கும்போது ஏகாதசி இருக்கும். இங்கே அதே கணம் காலை 7.30; சூரியன் ஏற்கெனவே உதித்தாயிற்று. உதய காலத்துத் திதியைக் கொள்வோருக்கு நாள் ஒன்று தள்ளிவிடும். யாரும் தவறாகக் கணிக்கவில்லை.

ஆக, திதிக்குக் கூட்ட வேண்டும். ராகுகாலத்தை இந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து எடுக்க வேண்டும்.

பழைய குறிப்பேட்டில் ஒரு நேரம்

போருக்குப் பிறகு, 1982க்கு முன் சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் செயலியில் கூட்டல் 8 என்று போட்டால் அரை மணி நேரம் தவறிவிடும். ஏழரை என்று போட வேண்டும். இரண்டு லக்கினங்கள் சந்திக்கும் வேளையில் பிறந்தவருக்கு லக்கினமே மாறிப்போகும் அளவு வித்தியாசம் இது.

எங்கள் பெரியப்பா 1943இல் இங்கே பிறந்தவர். தாத்தாவின் குறிப்பேட்டில் பிறந்த நேரம் "காலை 7.15" என்று தெளிவாக இருக்கிறது. பாட்டி உயிரோடு இருந்தவரை அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "விடியவே இல்லடா, கும்மிருட்டு. மருத்துவச்சி அரிக்கேன் விளக்கத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் புள்ளய வாங்குனா" என்பார். ஏழேகாலுக்கு எங்கே இருட்டு, பாட்டிக்கு ஞாபகப் பிசகு என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

தாத்தா எழுதியது தோக்கியோ நேரம். போருக்கு முந்திய கடிகாரத்தில் அது 5.45; இன்றைய கடிகாரத்தில் காலை 6.15. அந்த நேரத்துக்குச் சன்னலைத் திறந்து பார்த்தேன். கீழே பள்ளிப் பேருந்துக்கு முதல் பிள்ளை வந்து நின்றிருந்தது. வானம் கறுப்பாகவே இருந்தது.